ஒன்பது ஸ்லைடு, இரண்டு கூடை

திங்கட்கிழமை பத்து நிமிஷம் தருவார்களாம்.
'வாயால சொன்னா நிக்காதும்மா, ஸ்லைடு போட்டுக் காட்டுங்க'
என்றாராம் மஞ்சக்குப்பம் ஆபீசில் யாரோ.
பி.காமில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருப்பவள்
சிங்காரத்தோப்பில் நான் ஒருத்திதான் என்று
சங்கம் இதை என் தலையில் கட்டியது.
கையிருப்பு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
ஆகவே இலவசம்.

இலவசம் என்று தேடினேன்.
வலை கனத்து வந்தது. பாதிக்கு மேல் சொறி.

ஒன்று அழகோ அழகு.
எந்தப் பக்கம் திறந்தாலும் பல் தெரியச் சிரிக்கும் நாலு பேர்,
கண்ணாடிக் கட்டடம், மேலே ஏறும் அம்பு.
எங்கள் கதையில் எதுவும் மேலே ஏறவில்லையே,
பஸ் படியில் கூடைகூட.
பிடித்ததைத் தொட்டால் ஓரத்தில் பொடியாய் ஒரு கிரீடம்.
அது ராஜாக்களுக்காம்.

இன்னொன்று தமிழைக் கடித்துத் துப்பியது.
'பேருந்து' என்று அடித்தேன்.
முன்னால் நிற்க வேண்டிய கொம்பு
ஒரு புள்ளிவட்டத்தைத் தூக்கிக்கொண்டு
எழுத்துக்குப் பின்னால் ஓடியது,
நிறுத்தாத வண்டிக்குப் பின்னால்
எங்கள் பொம்பளைகள் ஓடுவது போலவே.
அதை அப்படியே காட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அடுத்ததில் எல்லாம் சரியாக வந்தது. இறக்கிப் பார்த்தால்
இலஞ்சியத்தின் முகத்தில் காதுக்குக் காது
அந்தக் கம்பெனியின் பேர்.
விடியுமுன் மூணே முக்காலுக்கு
துறைமுக வாசலில் இடுப்புக் கூடையோடு நிற்க வைத்து
நான் எடுத்த படம் அது.
'எவன்டி இவன், என் மூஞ்சியில?' என்றாள்.

மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள்.
அப்புறம் நானும் அப்படித்தான் பார்த்தேன்.
கார்டு நம்பர் கேட்கிறதா,
ஏழு நாள் கழித்துப் பல் முளைக்குமா,
செய்ததை வீட்டுக்கு எடுத்துப்போக விடுமா,
மழைக்கு நெட் செத்தால் கூடவே சாகுமா.

கடைசியில் நின்றது ஒரு மொட்டை வெள்ளை.
சிங்காரம் இல்லை. தமிழுக்கு இரண்டே எழுத்துரு,
இரண்டும் ரேஷன் கார்டு முகம்.
போதும்.

ஆறாவது ஸ்லைடு பூங்காவனத்தினுடையது.
பொங்கல் முடிந்த நாளிலிருந்து
நிறுத்தத்துச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணி வந்திருக்கிறாள்.
போன வண்டி அறுநூற்று இருபது,
நின்ற வண்டி நாற்பத்தொன்று.
வட்டமாய் வரையட்டுமா என்று அதுவே கேட்டது.
வரைந்தது. நாங்கள் ஏறிய பங்கு
வெட்டி எறிந்த நகம் மாதிரி ஓரத்தில் கிடந்தது.

ஏழாவதுதான் இரண்டு ராத்திரி தின்றது.
'நாறுது, இறங்கு' என்று கண்டக்டர் சொல்வதற்கு
எந்த இலவசத்திலும் படம் இல்லை.
மீன் என்று கேட்டால்
கண்ணாடித் தொட்டியில் நீந்தும் ஆரஞ்சு மீனைத் தருகிறது.
வெறும் பக்கத்தில் இவ்வளவுதான் எழுதினேன்:
கூடைக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறோம்.

ஒன்பது நிமிஷத்தில் முடித்துவிட்டேன். லைட் போட்டார்கள்.
அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'நல்லா இருக்கும்மா. எதுல பண்ணினது? ஃப்ரீயா?'
பேரைச் சொன்னேன்.
எங்கள் மனுவின் ஓரத்திலேயே
அதைக் குறித்துக்கொண்டார்.
வேறு கேள்வி இல்லை.

வெளியே வெயில்.
ஒரு லேப்டாப் பை, இரண்டு வெறுங்கூடை.
முதுநகர் வண்டிக்குக் கை காட்டினோம்.
வேகத்தைக் குறைத்தது,
கூடையைப் பார்த்தது,
போனது.

'இதையும் சேத்துக்க' என்றாள் பூங்காவனம்.
கரி கொண்டுவந்திருக்கவில்லை அவள்.
நின்றபடியே போனில் ஆறாவது ஸ்லைடைத் திறந்து
இருபதை இருபத்தொன்றாக்கினேன்.
அதற்குக் காசு கேட்கவில்லை.